ஏர் ஹாரனுக்கு அசையாத செவலை

ஒரு பஸ் டிரைவரை எட்டு மாதம் வெறுத்தேன். வெறுத்தேன் என்று எழுதும்போதே அது முடிந்துபோன விஷயம் போலத் தெரிகிறது. முடிந்துவிட்டதா என்பது எனக்கே சரியாகத் தெரியாது. வயதில் என்னைவிட நாலைந்து வருடம் மூத்தவனாகத்தான் இருப்பான். நேரில் பேசும்போது 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். மனதுக்குள் மட்டும் அவன் எப்போதும் 'அவன்'தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அன்னவாசலில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார் நகல், பட்டா நகல், மனு டைப் அடித்துக் கொடுப்பது என்று பொழுது போகும். என் கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். எங்கள் ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். பொன்னமராவதிப் பக்கம் ஒரு குதிரை வண்டிப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, நமக்கும் ஒரு குதிரை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு வயதுச் செவலைக் குட்டி ஒன்றைக் கொண்டு வந்து வாசல் வேப்பமரத்தில் கட்டினார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் குதிரை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்குக் குதிரை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

குட்டி ஒரு வருடம் கையோடு பழகியது. அதற்குப் பிறகு, இரண்டு சக்கரம் வைத்த சின்ன வண்டியில் பூட்டி, விடிந்து போக்குவரத்து கூடுவதற்குள் ரோட்டில் நடத்திப் பழக்கினார். மாசி மாதத்தில் ஒரு காலை கிளம்பத் தாமதமாகிவிட்டது. அவர் வண்டியில் முன்னால் போக, நான் கடை திறப்பதற்காக ஸ்கூட்டியில் கொஞ்ச தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தேன். எட்டே கால் பஸ் என்னைக் கடந்து போனது. எங்கள் ரூட்டில் ஓடும் தனியார் பஸ். அடுத்த வளைவில் அவருடைய வண்டி இடது ஓரமாக, மண்ணில் ஒரு சக்கரம் இறங்கும் அளவுக்கு ஒதுங்கிப் போவது எனக்குத் தெரிந்தது. பஸ் போவதற்குத் தாராளமாக இடம் இருந்தது.

அவன் குதிரைக்குப் பின்னால் பத்தடி தூரம் வரைக்கும் சத்தமில்லாமல் வந்தான். வந்து ஏர் ஹாரனை அழுத்தினான். பாட்டுப் போல ஏறி இறங்கும் ஹாரன். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. குட்டி நின்ற இடத்திலேயே எகிறியது. வண்டி ரோட்டோரச் சிறு பாலத்தின் கட்டையில் ஏறிப் புரண்டு, அவர் அதன் அடியில் போய்விட்டார். ஏர்க்கால் ஒடிந்து, ஒடிந்த துண்டை இழுத்துக்கொண்டே குட்டி ஓடியது. நான் ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரிடமோ ஏதோ சொல்லி அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

என் கணவருக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. புதுக்கோட்டையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். குட்டியை ஒரு பம்புசெட்டுப் பக்கம் யாரோ பிடித்துக் கட்டியிருந்தார்கள். முன்னங்கால் முட்டி இரண்டிலும் தோல் உரிந்து, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே எழுதுகிறவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பஸ் இடிச்சிருச்சாம்மா?"

"இல்லைங்க."

"ஒரசுச்சா?"

"இல்லைங்க. ஹாரன் அடிச்சான். குதிர மெரண்டுருச்சு."

"ஹாரன் அடிச்சதுக்கு நான் என்னன்னும்மா எழுதுறது? குதிர மெரண்டதுன்னுதான் எழுதணும்."

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றுதான் என் மனதுக்குள் ஒன்று உட்கார்ந்தது. அதற்கு நல்ல பெயர் எதுவும் கிடையாது. வன்மம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலில் படுத்தபடியே அவர் சொன்னார், "வித்துருவோம்மா. அது இனிமே ரோட்டுக்கு ஆகாது. ஒரு தடவ பயந்த குட்டி."

"விக்க வேணாங்க. நான் பழக்குறேன்."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"நீங்க சொல்லுங்க. தெரிஞ்சுக்கிறேன்."

அவருடைய ஆசைக்காகத்தான் நான் இதில் இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைக்கவிட்டேன். எனக்கு வேண்டியது வேறு. அந்த ரோட்டில், அந்த பஸ்ஸுக்கு முன்னால், அந்த ஹாரனைக் காதிலேயே வாங்காமல் இந்தக் குதிரை நடக்க வேண்டும். அவன் அழுத்தி அழுத்திக் கை சலித்துப் போக வேண்டும். அவனுடைய நேரத்தைத் தின்ன வேண்டும். தனியார் பஸ்ஸுக்கு நேரம்தான் உயிர். நாலு நிமிடம் பிந்தினால் பின்னால் வருகிற பஸ் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், ஸ்டாண்டில் சண்டை வரும். ஜெராக்ஸ் கடையிலிருந்து அந்தச் சண்டைகளைத் தினமும் பார்க்கிறவள் நான்.

முதல் நாளே தப்புச் செய்தேன். ஏர் ஹாரன் சத்தத்தைப் போனில் ஏற்றி, குட்டியை வேப்பமரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போட்டேன். அது பின்னால் இழுத்த இழுப்பில் தலைக்கயிறு அறுந்து, பக்கத்து வீட்டுக் கத்தரிச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடியது. கட்டிலிலிருந்து அவர் சத்தம் போட்டார்.

"கட்டி வச்சுப் பயமுறுத்துனா அது சாவு பயம்மா. அதுக்கு ஓடுறதுக்கு எடம் இருக்கணும். ஓட எடம் இருந்தாத்தான் ஓடாம நிக்கும்."

அதன் பிறகு நீளக் கயிறுதான். ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு தரிசு கிடக்கிறது. ரோட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளி நின்று, ஊற வைத்த கொள்ளுப் பயறைக் கூடையில் வைத்துத் தின்னக் கொடுப்பேன். ரோட்டில் கிரஷர் டிப்பர் போகும், தைலமரக் கட்டை ஏற்றிய லாரி போகும். குட்டி தலையைத் தூக்கிப் பார்க்கும். பார்க்க விடுவேன். பார்த்து முடித்துவிட்டு அதுவாகவே கூடைக்குத் தலையைக் குனியும் வரை பேசமாட்டேன், தட்டிக்கொடுக்கவும் மாட்டேன். குனிந்தால் அடுத்த நாள் பத்தடி முன்னால். குனியாவிட்டால் பத்தடி பின்னால். லாரிகளை அது சீக்கிரம் ஒத்துக்கொண்டது. ஒரு மினி வேனில் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது.

ஹாரனுக்கு வழி காட்டியவர் எங்கள் ஊர் பஞ்சர் கடைக்காரர். பழைய இரும்புக் கடையில் ஓர் ஏர் ஹாரனைத் தேடிப்பிடித்து, தன் கம்ப்ரஸரில் மாட்டிக் கொடுத்தார். "எத்தன மணிக்கு அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க," என்றார். அவர் கடை தரிசுக்கு எதிர்ப்புறம். நான் கையைக் காட்டினால் அவர் ஒரு நொடி அழுத்துவார். முதலில் நானும் குட்டியும் தரிசின் கடைக்கோடியில் நின்றோம். ஆடி மாதம் வரும்போது பஞ்சர் கடை வாசலிலேயே நின்றோம்.

இந்த நாட்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கோபத்தோடு கயிற்றைப் பிடித்தால் குட்டிக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணாடியில் பார்த்த முகத்தை நினைத்துக்கொண்டு நின்ற நாட்களில் எல்லாம், ஹாரன் அடிக்கும் முன்பே அது நடுங்கும். என் கை விறைப்பாக இருப்பது கயிறு வழியாக அதன் தாடைக்குப் போகிறது. எதையோ கண்டு நான் பயப்படுகிறேன் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே வெறுப்பை வயலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகப் பழகினேன். மூச்சை இழுத்து விட்டு, தோளைத் தொங்கப் போட்டு, வீட்டில் நாளைக்கு என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வரும்போது வெறுப்பு விட்ட இடத்திலேயே இருக்கும். எடுத்துக்கொள்வேன். பழிவாங்குவதற்காகவே சாந்தமாக இருக்கக் கற்றுக்கொண்டவள் என்று என்னைச் சொல்லலாம்.

பிறகு ரோட்டில் கையில் பிடித்து நடத்தினேன். வண்டிகள் போகும் பக்கம் நான், மண் பக்கம் குட்டி. பெரிய வண்டி வரும்போது குட்டியின் முகத்தை அந்த வண்டியைப் பார்க்கும்படி லேசாகத் திருப்ப வேண்டும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். முகம் ரோட்டுப் பக்கம் திரும்பினால் பின்பாகம் தானாக மண் பக்கம் போகும், துள்ளினாலும் ரோட்டில் விழாது. ரோடு வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டேன். வெல்டிங் கடையில் வண்டியைச் சரிசெய்து, பின்னால் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கர் முழுக்க ஒட்டினேன். ஆவணியில், ஊருக்குள்ளேயே நாலு சுற்றுச் சுற்றிய பிறகு, வண்டியைப் பூட்டி ரோட்டில் ஓட்டினேன். அதற்குள் அவர் கம்பை ஊன்றி வாசல் வரை நடக்க ஆரம்பித்திருந்தார். நான் வண்டியில் ஏறி உட்காருவதைப் பார்த்து அவர் கண் கலங்கியது. எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினேன். எங்கள் ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டருக்கு ரோடு குறுகல். இரண்டு பக்கமும் முள்ளுக் கருவை மரம் நெருக்கி நிற்கும். நடுவில் போகிற வண்டியை பஸ் தாண்ட முடியாது. நான் நடுவில் போனேன்.

பஸ் வந்தது. ஹாரன் அடித்தான். குட்டியின் காதுகள் இரண்டும் பின்னால் திரும்பின, என்னைத் தாண்டி அந்தச் சத்தத்தைக் கேட்டன, திரும்ப முன்னால் வந்தன. அதன் மெதுவோட்டம் மாறவே இல்லை. அவன் விட்டு விட்டு அடித்தான், பிறகு விடாமல் அடித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக் கட்டையில் போனை வைத்து அத்தனையும் பதிவு செய்தேன். பிறகு போட்டுப் பார்த்து ரசிக்கத்தான். அந்த மூன்று கிலோமீட்டரும் என் வாழ்க்கையில் நான் அனுபவித்த சந்தோஷங்களில் ஒன்று. என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து உட்காரவில்லை.

அன்று பஸ் பதினோரு நிமிடம் தாமதம். வண்டியைக் கடை ஓரம் நிறுத்திவிட்டு ஸ்டாண்டைப் பார்த்தேன், பஸ் இன்னும் அங்கேதான் நின்றது. நேரம் பார்க்கிறவர் அவனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அவன் தலையைச் சொறிந்தான்.

செவ்வாய்க்கிழமையும் போனேன். அன்று சாயங்காலம் வீட்டில் அவர் கேட்டார். "நீ பஸ்ஸ மறிக்கிறியாமே?"

"மறிக்கல. முன்னாடி போறேன்."

"அதுக்குத்தான் பழக்குனியா?"

நான் சோற்றைப் பரிமாறினேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது, "குட்டியப் பாத்துக்க," என்றார். அது சம்மதம் இல்லை. தடையாகவும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை அவன் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தான். நானும் வண்டியை நிறுத்தினேன். முதல் தடவையாக அவனைப் பக்கத்தில் பார்த்தேன். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மாத்திரை அட்டை. சாதாரண முகம்.

"அக்கா, என்னக்கா இது? மூணு நாளா இப்படிப் பண்றீங்க. ஓரமாப் போகக் கூடாதா?"

"ஓரமாப் போனவருக்கு நீங்க என்ன பண்ணுனீங்கண்ணே?"

"யாருக்கு?"

"மாசி மாசம். பாலத்துக்கிட்ட. இதே குதிரதான்."

அவன் குதிரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நினைவுபடுத்திப் பார்க்க உண்மையாகவே முயற்சி செய்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தெரியலையேக்கா. டெய்லி ஆடு மாடுன்னு எத்தனையோ குறுக்க வருது. எல்லாத்துக்கும் ஹாரன் அடிச்சுத்தானே போறோம்."

ஏழு மாதமாக அவன் நினைப்போடு படுத்து, அவன் நினைப்போடு எழுந்து, அவனுக்காக ஒரு குதிரையைப் பழக்கியிருந்தேன். அவனுக்கு அந்தக் காலை என்று ஒன்றே இல்லை. மறந்துவிட்டான் என்றுகூடச் சொல்ல முடியாது, அவன் அதை மனதில் வாங்கவே இல்லை. என் வெறுப்பு அன்று இரண்டு மடங்கானது. "ஏறுங்கண்ணே, பஸ்ல ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க," என்று சொல்லிவிட்டு, முன்னைவிட மெதுவாக ஓட்டினேன்.

வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு டிப்பரும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸின் ஹாரன், டிப்பரின் ஹாரன், படிக்கட்டில் நிற்கிறவர்களின் ஏச்சு எல்லாம் கேட்டது. குட்டி நடந்தது. நான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் பார்க்கவில்லை. கருவை மரங்கள் முடிந்து கொஞ்சம் அகலமாகும் இடத்தில், பொறுமை இழந்த டிப்பர் வலது பக்கம் ஏறி, பஸ்ஸையும் என்னையும் சேர்த்துத் தாண்ட வந்தது. எதிரே ஒரு பைக்கில் புருஷனும் பெண்சாதியும். அந்த ஆள் டிப்பரைப் பார்த்துவிட்டு பைக்கை அப்படியே மண்ணுக்குத் திருப்பினார். பைக் முள்ளுக்குள் போய்ச் சாய்ந்தது. டிப்பர் நிற்காமல் போய்விட்டது.

குட்டியை ஓரமாக நிறுத்தி, லகானைக் கட்டிவிட்டு ஓடினேன். அவனும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் பைக்கைத் தூக்கினோம். அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கு முழங்கையிலும் கன்னத்திலும் முள் கிழித்து ரத்தம் வந்தது. தூக்குவாளி திறந்து சோறு மண்ணில் கொட்டிக் கிடந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

"ஏக்கா, வண்டி பின்னாடி வருதுன்னு தெரியுதுல்ல. ஏன் ஒதுங்க மாட்டேங்குறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மாசி மாதத்துக் கதையை அவள் ரத்தத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? என் முந்தானையைக் கிழித்து அவள் முழங்கையைக் கட்டிவிட்டேன். பிறகு குட்டியை வண்டியோடு ஒரு வயல் வாய்க்கால் ஓரம் இறக்கி நின்றேன். பஸ் போனது. போகும்போது, எங்களுக்கு நேராக வந்ததும், அவன் ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்துவிட்டுத்தான் போனான். குட்டி புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

அன்றோடு மறிப்பதை நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் கன்னத்துக்கு நானும் ஒரு காரணம் என்பது எனக்குத் தெரியும், இப்போதும் தெரியும். ஆனால் கடைசியாக அவன் அடித்த அந்த ஹாரன் இருக்கிறதே, அதனால் வெறுப்பை மட்டும் விட முடியவில்லை. வேறு வழியில் போகலாம் என்று முடிவு செய்தேன்.

நான் மனு டைப் அடிக்கிறவள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு மனு அடித்தேன். ஏர் ஹாரன் வைத்திருப்பதே சட்டத்துக்கு விரோதம். நாலு நாளும் பதிவு செய்த வீடியோக்களைப் பென்டிரைவில் போட்டுச் சேர்த்தேன். நான் பஸ்ஸை மறித்ததும் அதில் தெரியும், தெரியட்டும் என்று விட்டேன். கையெழுத்து வாங்க மாடு வைத்திருப்பவர்களிடம் போனேன், ஆடு மேய்ப்பவர்களிடம் போனேன். பஞ்சர் கடைக்காரர் முதல் கையெழுத்துப் போட்டார். அந்தப் பைக் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். நான் எதற்காக மறித்தேன் என்று முழுக்கக் கேட்டாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றபடி கையெழுத்துப் போட்டாள். நான் எதிர்பார்க்காதது, அந்த பஸ்ஸிலேயே தினமும் போகிறவர்கள் கடைக்கு வந்து போட்டுவிட்டுப் போனது. "உள்ள ஒக்காந்திருந்தா எங்க காதே அடைச்சுப் போகுதுங்க," என்றார் ஒரு வாத்தியார்.

ஐப்பசியில் ஒரு முற்பகல், அன்னவாசல் ஸ்டாண்டுக்கு ஜீப் ஒன்று வந்தது. வந்த பஸ்களை, லாரிகளை எல்லாம் நிறுத்தி ஹாரனைக் கழற்றச் சொன்னார்கள். நான் கடையைச் சாத்தினேன். ஸ்கூட்டியில் ஊருக்குப் போய், அவரைப் பின்னால் உட்கார வைத்து, கம்போடு கூட்டிக்கொண்டு வந்தேன். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நாங்கள் உட்கார்ந்த பிறகு, அடுத்த நடைக்கு வந்த எட்டே கால் பஸ்தான் மூன்றாவதாக நின்றது. அவனே ஸ்பேனரை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் குனிந்து கழற்றிக்கொண்டிருந்தான். வேர்த்துக் கொட்டியது. ஒரு போல்ட் துருப்பிடித்து வரவில்லை. நான் டீயைக் குடித்தேன். இன்னொரு டீ சொன்னேன்.

"போதும், வா," என்றார் அவர்.

"இருங்க. இன்னொரு ஹாரன் இருக்கு."

அதையும் கழற்றி ஜீப்பில் போட்ட பிறகு எழுந்து அவனிடம் போனேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"இப்ப ஞாபகம் வருதாண்ணே?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய காலைப் பார்த்தான். கம்பைப் பார்த்தான்.

"எங்கண்ணே அடி?" என்று அவரிடம் கேட்டான்.

"தொடையில. பிளேட்டு வச்சிருக்கு. இப்பத் தேவல," என்று என் கணவர் ஏதோ சொந்தக்காரனிடம் சொல்வது போலச் சொன்னார். எனக்கு அவர் மேல்தான் அந்த நிமிடம் கோபம் வந்தது.

"நெசமா எனக்குத் தெரியாதுண்ணே. கீழ விழுந்தத நான் பாக்கல."

"சரி விடுங்க," என்றார் அவர்.

"பாத்தீங்க," என்றேன் நான். "பாத்துட்டுச் சிரிச்சீங்க. கண்ணாடியில நான் பாத்தேன்."

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். கண்டக்டர் விசில் அடித்தார். அவன் ஏறிப் போனான். அன்றும் பஸ் தாமதம்.

என் கணவரை ஸ்கூட்டியில் திரும்பக் கூட்டிப் போனேன். வீட்டில் இறக்கிவிட்டபோது, "ஒனக்கு மனசு ஆறிருச்சா?" என்றார். "பாதி," என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதும் காலையில் நான்தான் குட்டியை ரோட்டில் ஓட்டுகிறேன். நாலு வயதை நெருங்கி, நெஞ்சு அகன்று, இனிக் குட்டி என்று சொல்ல முடியாத உருவம். இடது ஓரமாகத்தான் போகிறேன். வேகம் குறைத்துப் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் கையைத் தூக்கி நன்றி சொல்வேன். டிப்பர்காரர்கள்கூடப் பழகிவிட்டார்கள், தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கிறார்கள், பதிலுக்குக் கையும் காட்டுகிறார்கள். எட்டே கால் பஸ்ஸும் வேகம் குறைத்துத்தான் தாண்டுகிறது. ஹாரன் அடிப்பதில்லை. அவன் ஜன்னல் வழியாக ஒரு விரலை உயர்த்துகிறான். அவனுக்கு மட்டும் நான் லகானிலிருந்து கையை எடுப்பதில்லை.